துணைப்பாடமாகும் சமத்துவமின்மை



நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசுவதுதான் இந்த மேடையின் வழக்கம். இந்த முறை பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தோம். நம்முடைய வாசிப்பு வட்டங்களுக்கு வரும் மாணவர்கள் அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்கிறார்கள். பன்முகத்தன்மை, அடையாளம், சமூகச் சமத்துவமின்மை என்று ஒரு துணைப்பாடம் இருக்கிறது, அதை எடுக்கலாமா? வேலை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். "நாம் வாழ்வதையே நமக்குப் பாடமாக நடத்துவார்களா?" என்று சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் கனமானது.

முதலில் துணைப்பாடம் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நம் கலைக் கல்லூரிகளில் 'அலைடு' என்று சொல்லிப் பழகிய அதே சங்கதிக்குத்தான் இப்போது 'மைனர்' என்று பெயர் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதில் முதன்மைப் பாடத்துக்கு 60, துணைப்பாடத்துக்கு 24. நான்காண்டுப் படிப்பு என்றால் 160, அதில் துணைப்பாடம் 32. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு விவாதம். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற நம் பிள்ளைகள் இந்த அமைப்புக்குள்தான் போகிறார்கள். அதாவது இயற்பியலோ வணிகவியலோ முதன்மையாகப் படிக்கும் ஒருவர், மொத்தப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சாதி, இனம், பாலினம், வர்க்கம் ஆகியவற்றைப் படிக்கச் செலவிடலாம். ஐந்தில் ஒரு பங்கு குறைவல்ல. அந்த இடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மூன்று சொற்களை ஒரே மூச்சில் சொல்கிறோம். பன்முகத்தன்மை, அடையாளம், சமத்துவமின்மை. மூன்றும் கூடப் பிறந்தவை போலத் தோன்றும். உண்மையில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு வந்தவை. சில சமயம் ஒன்று இன்னொன்றை வாசலுக்கு வெளியே தள்ளுவதற்காகவே உள்ளே வந்திருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால்தான் மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

இப்படிப்பட்ட பாடம் எந்தத் துணைவேந்தரின் பெருந்தன்மையாலும் பிறந்ததல்ல. 1968 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜார்ஜ் மர்ரே என்ற கறுப்பின ஆசிரியரை, அவருடைய அரசியல் பேச்சுக்காக இடைநீக்கம் செய்தது உடனடிக் காரணம். கறுப்பின மாணவர் சங்கம் 10 கோரிக்கைகளை வைத்தது. மெக்சிக வம்சாவளியினரும் ஆசிய வம்சாவளியினரும் சேர்ந்திருந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணி மேலும் 5 கோரிக்கைகளைச் சேர்த்தது. போலீஸ் வளாகத்துக்குள் வந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், ஆசிரியர் சங்கமும் பின்னர் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 1969 மார்ச் வரை நீடித்த அந்தப் போராட்டம் அமெரிக்க வரலாற்றிலேயே மிக நீண்ட மாணவர் வேலைநிறுத்தமாகக் கருதப்படுகிறது.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். 'எங்களைப் பற்றி ஒரு பாடம் வையுங்கள்' என்று மட்டும் கேட்கவில்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் உள்ள தனித் துறை, அத்துறைக்கு 20 முழுநேர ஆசிரியர் பணியிடங்கள், கறுப்பின மாணவர்களுக்குச் சேர்க்கை என்று கேட்டார்கள். பாடம், பணியிடம், சேர்க்கை மூன்றும் ஒரே மனுவில் இருந்தன. கேட்டது அத்தனையும் கிடைக்கவில்லை. மர்ரே திரும்ப எடுக்கப்படவில்லை. கறுப்பினக் கல்வியை வடிவமைக்க அழைத்துவரப்பட்ட சமூகவியலாளர் நேதன் ஹேரும் தொடர அனுமதிக்கப்படவில்லை. ஆனால் இனவியல் கல்விக்கான தனிப் புலம் ஒன்று உருவானது, இன்றும் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, 2020 ஆகஸ்டில், அந்தக் கல்லூரி இடம்பெற்றுள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு முழுவதிலும் பட்டம் பெற ஓர் இனவியல் பாடம் கட்டாயம் என்று சட்டமே வந்தது. அதே அமைப்புதான் 2022 ஜனவரியில், பாகுபாட்டுக்கு எதிரான தன் கொள்கையில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. நம்முடைய தோழர்களும் அங்கே அதற்காக வேலை செய்தார்கள்.

இந்தப் போராட்டக்காரர்களின் மொழியில் 'பன்முகத்தன்மை' பெரிய சொல்லாக இருக்கவில்லை. விடுதலை, அதிகாரம், சுயநிர்ணயம் என்றுதான் பேசினார்கள். பிறகு எப்படிப் பன்முகத்தன்மை தலைப்பின் முதல் சொல்லானது? அதற்கு ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்து அரசு மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை இன மாணவர்களுக்கு ஒதுக்கிவைத்தது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பழைய பாக்கியைத் தீர்ப்பது பற்றிய வழக்குதான் அது. 1978இல் உச்ச நீதிமன்றம் அந்த 16 இட ஒதுக்கீட்டை ரத்து செய்தது. தீர்ப்பின் அச்சாக நின்றவர் நீதிபதி பவல். சமூகம் இழைத்த பொதுவான அநீதிக்கு ஈடாக ஒரு கல்லூரி இடம் ஒதுக்க முடியாது; ஆனால் பலவகை மாணவர்கள் சேர்ந்து படித்தால் வகுப்பறைக்கு நல்லது என்பதற்காக இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்க்கலாம் என்றார் அவர். வரலாற்றுக் கடன் வாசல் வழியே வெளியே போனது. பன்முகத்தன்மை சன்னல் வழியே உள்ளே வந்தது. கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் தனியே எழுதிய கருத்துரையில், அடிமை முறையிலிருந்து தொடங்கிச் சட்டமே செய்த அநீதிகளை வரிசையாக அடுக்கினார். அது தீர்ப்பாகவில்லை.

இதன் விளைவு நுட்பமானது. கறுப்பின மாணவர் உள்ளே வருவதற்கான நியாயம் அவருடைய உரிமையிலிருந்து நகர்ந்து, பக்கத்தில் உட்காரும் வெள்ளை மாணவருக்குக் கிடைக்கும் நன்மை என்று ஆகிவிட்டது. 45 ஆண்டுகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அந்த ஒற்றைக் காலில் நின்றன. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் காலையும் எடுத்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் புளோரிடா மாநிலம், அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்குப் பணம் செலவிடத் தடை விதித்துச் சட்டம் போட்டது.

நம் நாட்டு வரலாறு வேறு. அது சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்குகிறது. வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் சண்பகம் துரைராஜன் போட்ட வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. சமூக, கல்விநிலையில் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். அதில் பக்கத்து இருக்கைக்காரருக்கு என்ன நன்மை என்ற பேச்சே இல்லை. பங்கு, பிரதிநிதித்துவம், வரலாற்று அநீதி என்ற அடித்தளம் நம்முடையது. இன்றைக்குச் சில தனியார் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் 'பன்முகத்தன்மை' என்று அழகாகப் பேசும்போது நம் தோழர்களே மயங்கிவிடுகிறார்கள். இடஒதுக்கீடு என்ற சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்குக் கிடைத்த மெத்தென்ற மாற்றுச்சொல்லாக அது பல இடங்களில் பயன்படுகிறது. அந்தச் சொல் வரும்போதெல்லாம், எத்தனை இடம் என்று கேளுங்கள்.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. சாதியையே பன்முகத்தன்மை என்று சொல்லிவிட முடியும். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தெரு, ஒரு சாமி, ஒரு சமையல், ஒரு சடங்கு. ஆகா, எத்தனை வண்ணம்! ஊரும் சேரியும் இரண்டு பண்பாடுகளாகக் காட்டப்படும். ஒரே சுடுகாடு ஏன் இல்லை என்ற கேள்வி அங்கே எழாது. அம்பேத்கர் 1936இலேயே இதைப் பிரித்துக்காட்டிவிட்டார்: சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களைப் பிரிக்கிறது, அதுவும் மேல் கீழாக. படிநிலைச் சமத்துவமின்மை என்று அவர் சொன்னது வெறும் வேறுபாட்டை அல்ல. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே ஒரு படி இருப்பதில் நிறைவு கொள்ளும் அமைப்பை அவர் சொன்னார். துணைப்பாடத்தின் முதல் வாரத்தில் ஆசிரியர் பலகையில் எழுத வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

அடையாளத்துக்கு வருவோம். இந்தச் சொல்லின் மேல் இடதுசாரித் தோழர்கள் சிலருக்கு இன்னமும் ஒவ்வாமை உண்டு. நமக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. மற்றவர்கள் வைத்த பெயரில் அழைக்கப்படுவதா, நாமே ஒரு பெயரை எடுத்துக்கொள்வதா என்பதை அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவாதித்தார்கள். இருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 1893இல் சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் அந்தப் பெயரே வேண்டாம், நாம் பூர்வ பௌத்தர், ஆதித் தமிழர் என்றார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை அரசாணையில் ஏற்றது. 2021இல் ஏழு பெயர்கள் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரின் கீழ் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தன. பட்டியலை விட்டே வெளியேற வேண்டும் என்று அதற்குள்ளிருந்தே ஒரு குரல் எழுந்ததை நாம் அறிவோம். அதில் நமக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதைப் படிக்காமல் கடந்து போகக் கூடாது. அடையாளம் என்பது பிறவியில் ஒட்டிக்கொண்டு வருவதல்ல, அதிகாரத்தோடு நடத்தும் பேரம் என்பதற்கு இதைவிட நல்ல பாடநூல் வேறெங்கே இருக்கிறது?

ஒருவருக்கு ஒரே அடையாளம்தான் என்று சட்டம் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கைச் சொல்வார்கள். 1964க்கு முன் அந்த ஆலை கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி அவர்கள்தான் வேலை இழந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976இல் நீதிமன்றம் சொன்னது: ஆலை பெண்களை எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே உள்ள வேறொரு வழக்கில் சேர்ந்துகொள்ளுங்கள். எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர்களாக எடுக்கப்பட்டவர்கள் ஆண்கள். இரண்டுக்கும் நடுவில் இந்தப் பெண்கள் காணாமல் போனார்கள். இந்த வழக்கை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் 'குறுக்குவெட்டு' என்ற கருத்தை முன்வைத்தார். அதைப் படிக்கும்போது நம் பெண் தோழர்களுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது. பெண்கள் அமைப்பில் போய்ச் சாதியைப் பேசினால் 'அது உங்கள் இயக்கத்தில் பேசுங்கள்' என்பார்கள். இயக்கத்தில் போய் வீட்டு வன்முறையைப் பேசினால் 'இப்போது அதுவா முக்கியம்' என்பார்கள். இயக்கத்தில் அப்படிச் சொன்னவர்கள் நாம்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வகுப்பறையில் அடையாளம் இன்னொரு விதமாகவும் வேலை செய்கிறது. சாதி பற்றிய வகுப்பு என்றதும் எல்லாக் கண்களும் ஒரு மாணவர் பக்கம் திரும்பும். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்' என்று ஆசிரியர் அன்பாகவே கேட்பார். அந்தப் பிள்ளை வகுப்புக்கு மாதிரிப் பொருளாக ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆதிக்க சாதி மாணவரிடம் 'உங்கள் தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது, சொல்லுங்கள்' என்று யாரும் கேட்பதில்லை. அவருக்குச் சாதியே இல்லாதது போல வகுப்பு நடக்கும். ஒரு நல்ல துணைப்பாடத்தை அடையாளம் காண இது போதும்: அங்கே கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது சொல்தான் நமக்கு உயிர்ச்சொல். நாங்கள் சமூகவியல் முதுநிலை படித்தபோது சாதி பற்றிய தாளில் குர்யே இருந்தார், எம்.என். சீனிவாஸ் இருந்தார், லூயி துய்மோன் இருந்தார். அம்பேத்கர் இல்லை. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழக மானுடவியல் கருத்தரங்கில், அகமணமுறைதான் சாதியின் இயந்திரம் என்று தன் 25ஆம் வயதில் கட்டுரை வாசித்தவர் அவர். அவரைச் சட்டம் எழுதியவர் என்று மட்டும் வைத்துக்கொண்டு, சமூகவியலாளர் என்ற நாற்காலியை மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அயோத்திதாசர் பேச்சே இல்லை. 1907இல் தொடங்கி 1914இல் தான் இறக்கும் வரை வாரப் பத்திரிகையில் அவர் எழுதியவை, ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல்தான் நூல்களாகக் கைக்குக் கிடைத்தன. 85 ஆண்டுகள்.

இருந்த நூல்கள் எங்கிருந்து எழுதப்பட்டன என்பதும் முக்கியம். தஞ்சை மாவட்டச் சமூகம் பற்றி ஆந்த்ரே பெத்தேல் 1965இல் வெளியிட்ட நூல் நல்ல நூல், இன்றும் படிக்க வேண்டியது. 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றி அவர் எழுதிய கிராமத்தில் அவர் தங்கியிருந்தது அக்ரகாரத்தில். அங்கே தங்கியதாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியாமல் இருந்ததை அவர் மறைக்கவும் இல்லை. செங்கல்பட்டு வட்டாரக் கிராமம் ஒன்றை ஆய்வு செய்து மைக்கேல் மொஃபட் 1979இல் எழுதிய நூல் இன்னும் ஒருபடி மேலே போனது. தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களும் அதே சாதிப் படிநிலையைத் தமக்குள் அப்படியே உருவாக்கிக்கொள்கிறார்கள். ஆகவே அவர்களும் அந்த அமைப்பின் மதிப்பீடுகளை உள்ளூர ஏற்றவர்களே என்பது அதன் வாதம். படிக்கும்போது நமக்குக் கோபம் வரும். கோபத்தோடு நிறுத்தக் கூடாது. நமக்குள் படிநிலை இல்லை என்று சொல்ல முடியுமா? அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் வந்தபோதும், உள்வகைப்பாடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னபோதும் நம் அணிகளில் எழுந்த முணுமுணுப்பு என்ன? மொஃபட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிலமும் கூலியும் அடியும் மேலேயிருந்து வரும்போது, கீழே தெரியும் பணிவைச் சம்மதம் என்று எப்படிக் கணக்கெழுதினார்? இப்படிக் கேட்கப் பழக்குவதுதான் படிப்பு. திட்டுவதற்கு 24 கிரெடிட் தேவையில்லை.

மறுபக்கத்தில் டு பாய்ஸ் இருக்கிறார். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை ஓர் உதவிப் பதவியில் அமர்த்தி, பிலடெல்பியாவின் ஏழாம் வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆய்வு செய்யச் சொன்னது. பாடம் நடத்த வகுப்பு எதுவும் தரவில்லை. நகரத்தின் கேட்டுக்கு அந்த மக்களே காரணம் என்ற முன்முடிவோடுதான் தன்னிடம் அந்த ஆய்வு ஒப்படைக்கப்பட்டது என்று பின்னாளில் அவர் எழுதினார். அவர் அந்த வார்டிலேயே குடியேறி, வீடு வீடாகப் போய், சுமார் 2,500 குடும்பங்களிடம் கேட்டு எழுதினார். வாடகை எவ்வளவு, எந்த வேலை மறுக்கப்பட்டது, எத்தனை பேர் ஓர் அறையில். 1899இல் நூல் வந்தபோது, குற்றவாளியாக நிறுத்தப்பட்டிருந்த மக்கள் சாட்சிகளாக மாறியிருந்தார்கள். 1946இல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார் என்பது பலருக்குத் தெரியும். இருவரையும் இணைத்தது அனுதாபத்தைவிட இந்த எண்ணும் பழக்கம்தான் என்று நாம் நினைக்கிறோம்.

இதைச் சொன்னபின் ஹைதராபாத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் சமூக விலக்கல் பற்றிய ஆய்வு மையங்களைத் தொடங்கியது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு மையம் உண்டு. விலக்கல் என்றால் என்ன என்று அங்கே பாடம் நடந்துகொண்டிருந்த வளாகத்தில்தான், ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்கள் வளாகத்திலேயே திறந்த வெளியில் கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். பாடம் ஒருபுறமும் நிர்வாகம் ஒருபுறமும் இருக்கும்போது பாடத்தால் யாரையும் காப்பாற்ற முடியாது. அந்த ஐவரும் தங்கள் கூடாரத்துக்கு வைத்த பெயர், எந்த மையத்தின் ஆய்வறிக்கையையும்விடத் துல்லியமான சமூகவியல்.

அந்த மையங்களின் கதியையும் சொல்ல வேண்டும். திட்டக் காலத்து நிதியில் நடந்தவை என்பதால், 2017இல் பன்னிரண்டாம் திட்டம் முடியும்போது நிதி தொடருமா என்ற நிலை வந்தது. ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தப் பணியில் இருந்தார்கள். வேலை நிலையில்லாத ஆசிரியர் நிர்வாகத்தைப் பற்றி எந்தக் கேள்வியை மாணவரிடம் எழுப்புவார்? சான் பிரான்சிஸ்கோ மாணவர்கள் பாடத்தோடு சேர்த்து நிரந்தரப் பணியிடங்களையும் எண்ணிக்கை சொல்லிக் கேட்டதன் அருமை இங்கேதான் புரிகிறது.

பணியிடம் என்றதும் ரோஸ்டர் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். போராட்டங்களில் இந்தச் சொல்லைக் கத்தியிருக்கிறோம், கணக்கு பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்தால், நூற்றுக்கணக்கான பணியிடங்களில் பட்டியல் சாதிக்கும் பழங்குடியினருக்கும் உரிய விழுக்காடு தானாக வந்துவிடும். ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுத்தால் 13 புள்ளி ரோஸ்டர் வரும். அதில் 4ஆவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, 7ஆவது பட்டியல் சாதியினருக்கு, 14ஆவது பழங்குடியினருக்கு. ஆறு பேர் உள்ள துறையில் பட்டியல் சாதியினருக்கு எப்போது இடம் வரும்? யாராவது ஓய்வு பெற்று, சுழற்சி ஏழாவது புள்ளிக்கு வரும்போது. பழங்குடியினர் பேரப்பிள்ளைகள் காலம்வரை காத்திருக்கலாம். அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2018 மார்ச்சில் துறைவாரி முறை கொண்டுவரப்பட்டது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2019இல் சட்டம் வந்து, மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனமே அலகு என்று ஆனது. இப்போது யோசியுங்கள்: சமத்துவமின்மை பற்றிய துறைகளும் மையங்களும் பெரும்பாலும் மூன்று பேர், நான்கு பேர் உள்ளவை. துறைவாரி முறை நின்றிருந்தால் சமத்துவமின்மையைக் கற்பிக்கும் இடத்துக்கே நம் ஆசிரியர் வர முடியாமல் போயிருக்கும்.

பாடநூல்களின் நிலையும் பாதுகாப்பானதல்ல. 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஓர் அமைப்பின் எதிர்ப்பையடுத்து அருந்ததி ராயின் நூலை ஆங்கில முதுநிலைப் பாடத்திலிருந்து நீக்கியது. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யோடு பாமா, சுகிர்தராணி படைப்புகளையும் ஆங்கில இளநிலைப் பாடத்திலிருந்து எடுத்தது. மூவரில் இருவர் நம் மொழிக்காரர்கள், நம்மவர்கள். அதில் ஒரு முரண் உண்டு. அவர்களை ஆங்கிலத்தில் படித்த வடநாட்டு மாணவர் சாதியைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறார். இங்கே தமிழில் அவர்களைப் படிக்கும் மாணவருக்கு அது 'பெண்ணிய இலக்கியம்' என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் வினாவாக வருகிறது. நீக்கம் மட்டும்தான் தணிக்கை என்று நினைக்க வேண்டியதில்லை. அரிசோனா மாநிலத்தில் 2010இல் வந்த சட்டத்தால் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்கர் கல்வி நிறுத்தப்பட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் விடவில்லை. 2017இல் அந்தத் தடை இனப் பகைமையால் போடப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. ஏழு ஆண்டுகள் ஆனது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள்.

ஆகவே எடுக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: எடுங்கள். இயற்பியல் படித்தாலும் எடுங்கள், கணினி படித்தால் கட்டாயம் எடுங்கள். வேலை பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில், இது தனியாக வேலை தராது, முதன்மைப் பாடத்தை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். ஊடகம், சட்டம், பொதுச் சுகாதாரம், சமூகப்பணி, குடிமைப்பணித் தேர்வு ஆகிய பக்கங்களில் இது கைகொடுக்கும். சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அம்பேத்கர் கோட்பாட்டு ஆசிரியராக இருக்கிறாரா, வரலாற்றுக் குறிப்பாக இருக்கிறாரா? களப்பணி உண்டா? தமிழில் தேர்வு எழுதலாமா? தமிழில் எழுத முடியாத இடத்திலும், களக் குறிப்பைத் தமிழில் எழுதி வையுங்கள். உங்கள் பெரியம்மா கூலி பற்றிச் சொன்னதை நேராக ஆங்கிலத்தில் எழுதினால் அதில் பாதி போய்விடும்.

களப்பணிக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். ஆசிரியர்கள் வழக்கமாகச் சேரிக்குத்தான் பஸ் பிடிப்பார்கள். நீங்கள் உங்கள் கல்லூரியிலிருந்தே தொடங்குங்கள். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், இரண்டிலும் சமூகவாரியாக எண்ணிக்கை என்ன, ரோஸ்டருக்கு எதை அலகாக வைத்திருக்கிறார்கள், பட்டியல் சாதிக்கான காலியிடம் எத்தனை ஆண்டாக நிரப்பப்படவில்லை, ஆதி திராவிடர் நல விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர். அரசுக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். பெயர்களைக் கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள்; எண்ணிக்கையைக் கேளுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.